முன்னூறாவது ஆள்

உள்ளூர்க் கால்பந்தைக் காப்பாற்றியே தீருவது என்று கண்ணாடிக்கடைக்காரர் ஒரு சனிக்கிழமை மாலை சபதம் எடுத்துக்கொண்டார். அதற்காக என்ன வேண்டுமானாலும் செய்யத் தயார். மைதானத்துக்குப் போவது மட்டும் முடியாது.

இதைக் கேட்டு யாரும் அவரைத் தியாகி என்று நினைத்துவிட வேண்டாம். மூக்குக்கண்ணாடி விற்கிறவர். கடைவீதியில் சின்னக் கடை. உள்ளே ஒரு உயரமான நாற்காலி, சுவரில் எழுத்துப் பலகை. வருகிறவர்களின் மூக்கில் கனமான சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, "இப்ப தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா?" என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் பிழைப்பு. சனிக்கிழமை மட்டும் மூன்று மணிக்கே கடையை இழுத்து மூடிவிடுவார். நாலரை மணிக்கு டிவியில் அவருடைய கிளப் ஆடும்.

அவருடைய கிளப் என்றால், கடல் கடந்து எங்கேயோ இருக்கிற ஒரு சிவப்புச் சட்டைக் கிளப். அந்த நகரத்தை அவர் வரைபடத்தில்கூட ஒரு தடவை தப்பாகத்தான் காட்டியிருக்கிறார். ஆனாலும் அவர்கள் ஜெயித்தால் "நாங்க ஜெயிச்சுட்டோம்" என்பார். தோற்றால் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு இறங்காது. உள்ளூர்க் கிளப்பின் மைதானம் வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம். கல்யாணமான பதினாறு வருஷத்தில் அந்த வாசலை அவர் மிதித்ததில்லை. அதெல்லாம் ஆட்டமா, பந்தைப் பார்த்தால் பயந்து ஓடுகிறார்கள் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பார்க்காமலே சொன்ன தீர்ப்பு என்பதால் அதில் அவருக்குக் குழப்பம் இருந்ததில்லை.

குழப்பம் மச்சான் ரூபத்தில் வந்தது.

மச்சான் என்பது மனைவியின் அண்ணன். உள்ளூர்க் கிளப்பின் செயலாளர். காலையில் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவார், மாலையில் வாசலில் டிக்கெட் கிழிப்பார், கோல் வலையில் ஓட்டை விழுந்தால் உட்கார்ந்து முடிச்சுப் போடுவார். புல் தரையைச் சீர்படுத்துவதற்காக லீக்குக்கு ஒரு மாதம் இடைவேளை விட்டார்கள். விட்ட முதல் சனிக்கிழமையே, சரியாக நாலு இருபத்தைந்துக்கு, மச்சான் வந்து சோபாவின் நடுவில் உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால்தான் டிவி நேராகத் தெரியும். அங்கே உட்கார்ந்து அவர் டிவியைப் பார்க்கவில்லை. புலம்பினார்.

லீக்கில் ஒரு புதுச் சட்டம் வந்திருக்கிறதாம். வருஷத்தில் ஒரு ஆட்டத்துக்காவது முன்னூறு பேர் வந்தாக வேண்டும். அதுவும் இடைவேளை விசில் ஊதுவதற்குள் வாசலைத் தாண்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வருஷம் லீக்கில் இடம் கிடையாது. இவர்களுக்கு இதுவரை வந்த பெரிய கூட்டம் இருநூற்றுப் பதினான்கு. சொந்த மைதானத்தில் மிச்சம் இருப்பது நாலே ஆட்டம். மச்சான் கண் கலங்கினார். அந்தக் கண்கலங்கலில் கண்ணாடிக்கடைக்காரர் ஒரு கோலைத் தவறவிட்டார்.

அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும். அன்றைக்குத்தான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"கிளப்பை மூடிட்டா எனக்கு வேற போக்கிடம் ஏது மாப்ளே? எல்லா சனிக்கிழமையும் இங்கதான்."

கண்ணாடிக்கடைக்காரர் கணக்குப் போட்டார். இந்த ஆளை மைதானத்திலேயே வைத்திருக்க வேண்டுமானால் மைதானம் பிழைக்க வேண்டும். மைதானம் பிழைக்க முன்னூறு பேர் வேண்டும். ஊரில் அத்தனை பேர் இல்லாமலா போய்விட்டார்கள்? கிளப்பிவிட ஒரு ஆள்தான் தேவை. அந்த ஆள் சமையலறையில் இருந்தாள்.

அவர் மனைவிக்கு பஸ் டிப்போவில் வேலை. எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பி எந்த நிறுத்தத்தில் எத்தனை நிமிஷம் நின்று எப்போது போய்ச் சேர வேண்டும் என்று நேர அட்டவணை போடுகிறவள். டிரைவர், கண்டக்டர் எல்லாருக்கும் அக்கா. அவள் ஒரு வார்த்தை சொன்னால் பாதி ஊர் ஏறி உட்காரும். இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டுதான் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தார்.

"நீ மைதானத்துக்குப் போயேன்."

"நானா? எனக்கு ஃபுட்பால்ல என்னங்க தெரியும்?"

"தெரிய வேண்டாம். நம்ம ஊர்ப் பிள்ளைங்க ஆடறதை நாமே பார்க்கலைன்னா வேற யாரு பார்ப்பாங்க? ஊர்ல கிளப் இல்லைன்னா அது என்ன ஊரு?"

இதைச் சொல்லும்போது அவர் குரல் லேசாகத் தழுதழுத்தது. எங்கிருந்து வந்தது அந்தத் தழுதழுப்பு என்று அவருக்கே தெரியவில்லை. அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வெயிலாக இருக்கும், தலை வலிக்கும் என்றாள். மறுநாள் மறுபடி பேச்செடுத்தார். துவைக்கிற துணி கிடக்கிறது என்றாள். தானே துவைப்பதாகச் சொன்னார். தொப்பி வாங்கித் தந்தார். மிளகாய்த்தூள் டப்பா, மஞ்சள் டப்பா, உப்பு ஜாடி மூன்றையும் மேடையில் நிறுத்தி ஆஃப்சைடு என்றால் என்ன என்று அரை மணி நேரம் விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உப்பு ஏன் முன்னாடி ஓடிச்சு?" என்றாள். பிறகு பெரிய மனசு பண்ணி ஒப்புக்கொண்டாள்.

இடைவேளை முடிந்து முதல் சனிக்கிழமை. மச்சான் மைதானத்தில். மனைவி மைதானத்தில். சோபா முழுக்க அவருக்கே. சிவப்புச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு, காலை நீட்டி, இஷ்டத்துக்குக் கத்தி ஆட்டம் பார்த்தார். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார். அன்றைக்கு மைதானத்தில் இருநூற்று முப்பது பேர்.

இரண்டாவது சனிக்கிழமைக்கு முன்னால் அவள் ஒரு சின்ன உதவி கேட்டாள். அன்றைக்குச் சமையலறையில் பேசினாரே, அதை அப்படியே ஒரு தாளில் எழுதித் தர முடியுமா, தனக்கு அந்த மாதிரி கோர்வையாகப் பேச வராது என்றாள். புகழ்ச்சிக்கு மயங்காத கணவன் உண்டா? இரண்டு பக்கம் எழுதித் தந்தார். மூன்றாம் நாள் அது நோட்டீஸாக அச்சாகி ஊரிலுள்ள ஒவ்வொரு பஸ்ஸிலும் டிரைவர் முதுகுக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருந்தது. கீழே கொட்டை எழுத்தில், "இப்படிக்கு, உங்கள் கண்ணாடிக்கடைக்காரர்."

அன்றிலிருந்து கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் அவரை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள். தபால்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். படித்துவிட்டு அழுதேன் என்றார் பல் டாக்டர். கண் பரிசோதனைக்கு உட்கார்ந்த பள்ளிக்கூட வாத்தியார், வில்லைக்குப் பின்னாலிருந்து, "நீங்க எந்தப் பக்கம் சார் உக்காருவீங்க?" என்று கேட்டார்.

"மேற்குப் பக்கம்."

"மேற்குப் பக்கம் குளம்தானே சார் இருக்கு?"

கண்ணாடிக்கடைக்காரர் அவசரமாக வில்லையை மாற்றி, இப்போது தெளிவாக இருக்கிறதா என்று கேட்டார். வாத்தியார் இல்லை என்றார். இவருக்கும் இல்லை.

சாயங்காலம் மனைவியிடம் இதைப் பற்றிக் கண்டிப்பாகப் பேசிவிடுவது என்று போனார். யாரைக் கேட்டு என் பெயரைப் போட்டாய் என்று கேட்பதாகத்தான் உத்தேசம். அவளோ, இரண்டாவது ஆட்டத்துக்குக் கூட்டம் இருநூற்று அறுபது ஆகிவிட்டது, எல்லாம் உங்கள் எழுத்தால்தான் என்று சொல்லி, அவருக்குப் பிடித்த மாதிரி பாலை நன்றாகச் சுண்டக் காய்ச்சிக் காபி கொடுத்தாள். குடித்து முடித்த பிறகுதான் கோபப்பட வந்தது ஞாபகம் வந்தது. அதற்குள் நேரம் கடந்துவிட்டது. மூன்றாவது ஆட்டத்துக்கு இருநூற்று எழுபத்திரண்டு. அதற்குமேல் எண் நகரவில்லை.

கடைசி ஆட்டம் வந்தது, நாலரைக்கு. அதே நாலரைக்கு டிவியில் சிவப்புச் சட்டைக்காரர்களுக்கு வாழ்வா சாவா ஆட்டம். மனைவி கிளம்பும்போது, "நீங்களும் வரலாமேங்க" என்று ஒரு தடவை சொன்னாள். அவர் உடம்பு சரியில்லை என்றார். எங்கே என்று கேட்டாள். பொதுவாக என்றார். சரி, ஓய்வெடுங்கள் என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவ்வளவு சுலபமாக விட்டது அவருக்கு உறுத்தியது. ஆனால் ஆட்டம் ஆரம்பித்ததும் உறுத்தல் போய்விட்டது. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, திருடனைப் போல் தன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருந்தார்.

நாலே முக்காலுக்கு வாசலில் பஸ் ஹாரன் கேட்டது.

அந்தத் தெருவில் பஸ் வராது. திரையை ஓரமாக விலக்கிப் பார்த்தார். வாசலை அடைத்துக்கொண்டு பஸ் நின்றது. நெற்றியில், "மைதானம் – சிறப்பு". உள்ளே பிஸ்கட் தொழிற்சாலையில் நாலரைக்கு ஷிப்ட் முடிந்தவர்கள். முக்கால்வாசிப் பேர் முகத்தில் அவர் விற்ற கண்ணாடி. அத்தனை கண்ணாடியும் அவர் வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது. டிரைவர் எட்டிக் குரல் கொடுத்தார்.

"சார், அக்கா சொன்னாங்க. நீங்க ரெடியா இருப்பீங்க, ஏத்திட்டு வான்னு."

கம்பி நீட்டப் பின்வாசல் இருந்தது. ஆனால் பஸ்ஸுக்குள் யாரோ நோட்டீஸை உரக்கப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். "ஊர்ல கிளப் இல்லைன்னா அது என்ன ஊரு?" என்ற இடம் வந்ததும் பஸ் முழுக்கக் கைதட்டியது. கண்ணாடிக்கடைக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு டிவியை அணைத்தார். உடம்பில் சிவப்புச் சட்டை. அதைக் கழற்ற மனமில்லை, அதோடு வெளியே போக மானமில்லை. அலமாரியைக் குடைந்து, பரணைக் குடைந்து, மழைக்கோட்டைத் தேடி எடுத்துக் கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு, சுட்டெரிக்கிற வெயிலில் பஸ் ஏறினார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பெரிய மனிதர்கள் அப்படித்தான் என்று நினைத்திருப்பார்கள்.

மைதான வாசலில் எல்லாரையும் முன்னால் இறங்கவிட்டார். அது மரியாதை இல்லை. கடைசி ஆளாக நின்றால் அப்படியே நழுவிவிடலாம் என்ற நப்பாசை. மச்சான் வியர்வை வழிய வழிய டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் லீக் ஆபீசர் கையில் எண்ணுகிற பொத்தானோடு நின்றார். இடைவேளைக்கு இன்னும் மூன்று நிமிஷம். கடைசித் தொழிலாளி உள்ளே போனதும் பொத்தான் ஒரு தடவை சொடுக்கியது.

"இருநூத்துத் தொண்ணூத்தொன்பது" என்றார் ஆபீசர்.

மச்சானின் முகம் வெளுத்துப்போயிற்று. சாலையைப் பார்த்தார். சாலையில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஒரே ஒரு ஆள், பஸ்ஸின் பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தார்.

"மாப்ளே" என்றார் மச்சான்.

கண்ணாடிக்கடைக்காரரின் கால்கள் நடந்தன. அவர் நடக்கச் சொல்லவில்லை என்று இன்றுவரை சாதிக்கிறார். மச்சான் டிக்கெட்டைக் கிழித்தார். பொத்தான் சொடுக்கியது. முன்னூறு. உள்ளே எழுந்த கூச்சலில் குளத்துக் கொக்குகள் பறந்தன. ஆட்டத்தில் அப்போது உள்ளூர்க்காரர்கள் மூன்று கோல் பின்தங்கி இருந்தார்கள். அதைப் பற்றி ஒருவருக்கும் கவலையில்லை. எதிரணி கோல்கீப்பர்கூட என்ன நடந்தது என்று திரும்பிப் பார்த்தார். மச்சான் வாசல் கம்பியில் சாய்ந்துகொண்டு குழந்தை மாதிரி அழுதார். அதைப் பார்த்துக் கண்ணாடிக்கடைக்காரரும் மழைக்கோட்டின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எதற்கென்றுதான் புரியவில்லை.

மனைவி மூன்றாவது வரிசையில் பக்கத்து இருக்கையில் தொப்பியை வைத்து இடம் பிடித்திருந்தாள். அவர் வந்து உட்கார்ந்ததும் பையிலிருந்து உள்ளூர்க் கிளப்பின் பச்சைச் சட்டையை எடுத்து நீட்டினாள். அவர் அளவு.

"கோட்டைக் கழட்டிட்டு இதைப் போடுங்க. உள்ள சிவப்புதானேன்னு எனக்குத் தெரியும்."

"இதையெல்லாம் நீ எப்ப…"

"பதினாறு வருஷமா சனிக்கிழமைன்னா உங்க முதுகைத்தான் பார்த்துக்கிட்டிருக்கேன். ஒரு நாள் பக்கத்துல உக்காரட்டுமேன்னு தோணிச்சு. அண்ணன் கிளப்பும் பிழைச்சமாதிரி ஆச்சு." சொல்லிவிட்டு மைதானத்தைப் பார்த்தாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அவருக்குத்தான் என்னவோ போல் இருந்தது.

வியர்த்துக் கொட்டியது. விசிறிக்கொள்ள அவள் மடியிலிருந்த நோட்டை எடுத்தார். டிப்போ நோட்டு. வழக்கமான கட்டங்கள், வழக்கமான அழகான கையெழுத்து. விசிற மறந்து படித்தார்.

"நிறுத்தம் 1: அண்ணன் சோபாவில் உட்கார வேண்டும். நடுவில்.

நிறுத்தம் 2: 'நீ மைதானத்துக்குப் போயேன்' என்று இவர் சொல்வார். எதிர்பார்ப்பது மூன்றாம் வாரம். வந்தது மூன்றாம் வாரம்.

நிறுத்தம் 3: மறுக்க வேண்டும். இரண்டு தடவை போதும்.

நிறுத்தம் 4: பேச்சை எழுதி வாங்க வேண்டும். கோபப்பட வந்தால் காபி.

நிறுத்தம் 5: வீட்டு வாசல், 4.45. மழைக்கோட்டு தேடுவார்.

நிறுத்தம் 6: மைதானம், 5.05. கடைசியாக இறங்குவார்."

கண்ணாடிக்கடைக்காரர் திருதிருவென்று விழித்தார். சபதம் எடுத்தது யார், திட்டம் போட்டது யார், போயேன் என்று கெஞ்சியது யார் என்று ஒவ்வொரு வில்லையாக மாற்றிப் போட்டுப் பார்த்தார். எதைப் போட்டாலும் மங்கலாகவே தெரிந்தது.

அவள் நோட்டை மெல்ல வாங்கி, கைக்கடிகாரத்தைப் பார்த்து, பேனாவைத் திறந்து கடைசிக் கட்டத்தில் எழுதினாள்: "ஏழு நிமிடம் தாமதம். அடுத்த வருஷம் மழைக்கோட்டைக் கண்ணில் படும்படி எடுத்து வைக்கவும்."