லேசான குதிரை

இந்த வருஷம் வேலூர் துப்பாக்கிப் போட்டியின் வெள்ளிக் கோப்பை எங்கள் வீட்டு அலமாரியில்தான் என்று தை மாதமே தீர்மானம் செய்துவிட்டேன். கோப்பைக்கு இடம் வேண்டுமே என்று என் மனைவி செண்பகத்தின் ஊறுகாய் ஜாடிகளை எடுத்து அடுக்களைத் தரையில் வைத்தேன். அவள் அலமாரியைத் துடைத்தே கொடுத்தாள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

என் பெயர் வேலாயுதம். பேரிலேயே ஒரு ஆயுதம் இருக்கிறவனுக்கு இன்னொன்று எதற்கு என்று செண்பகம் கேட்பாள். ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் சரக்கு ஏற்றி அனுப்பும் மேஸ்திரி நான். கம்பெனி மானேஜரான வெள்ளைக்காரத் துரை ஒரு கிளப் வைத்திருந்தார். ஞாயிறு காலையில் பாலாற்று மணலில் அட்டையை நட்டு, சின்னத் தோட்டா போட்டுச் சுடுவோம். துரையின் பழைய துப்பாக்கி ஒன்றை லைசென்ஸோடு நான் வாங்கிக்கொண்டேன்.

அதில் ஒரே குறை, குதிரை. விரலால் இழுக்கிற விசையைத்தான் எங்கள் பக்கம் குதிரை என்போம். இது சண்டிக் குதிரை. தேர் வடத்தை இழுப்பது போல் இழுக்க வேண்டும். இழுக்கிற இழுப்பில் குழல் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். போன வருஷம் பக்கத்தில் சுட்டவன் அட்டையில் நான் இரண்டு ஓட்டை போட்டேன். நட்ட நடுவில். பரிசு அவனுக்குப் போயிற்று.

அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. குதிரையை லேசாக்கினால் கோப்பை வரும். எப்படி லேசாக்குவது, யாரிடம் கொடுப்பது, அரத்தால் எவ்வளவு ராவுவது? உட்கார்ந்தால் எழுந்திருப்பேன், எழுந்தால் நடப்பேன். ஆள்காட்டி விரல் தானாக மடங்கும். சோறு பிசையும்போது மடங்கும். வாணியம்பாடி பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் காதைப் பிடித்து இழுத்துவிட்டது. வீட்டில் பேச்சே குதிரைதான். பக்கத்து வீட்டுப் பட்டம்மாள், நாங்கள் குதிரை வாங்கப் போவதாக நினைத்து, கொள்ளு எந்த மண்டியில் மலிவு என்று செண்பகத்துக்குச் சொல்லிவிட்டுப் போனாள்.

செண்பகம் மட்டும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். ஒருநாள் துப்பாக்கியை வாங்கி, குதிரையை இழுத்தும் பார்த்தாள். இரண்டு விரல் போட்டும் அசையவில்லை.

"எவ்ளோ வேணா லேசாக்கிக்கலாமா?" என்று கேட்டாள்.

"அது முடியாது. குதிரையில மூணு பவுண்டு எடைக்கல்லைத் தொங்கவிட்டுத் துப்பாக்கியத் தூக்குவாங்க. கல்லைத் தாங்காம குதிரை விழுந்துட்டா போட்டியில சேத்துக்க மாட்டாங்க."

"பொம்பளைங்க சுடறதுக்கும் அதே சட்டமா?"

"அவங்களுக்கு இன்னா சட்டம்? அது சும்மா விளையாட்டு."

"அப்டியா" என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றினாள்.

துப்பாக்கி ரிப்பேருக்கு எங்கள் ஊரில் ஜான் பாஷாதான். வீட்டுக்கே வந்து செய்து தருவதாகச் சொன்னார். மூன்று பவுண்டுக்கு மயிரிழை மேலே நிற்க வேண்டும், அதற்குக் கீழே போகக் கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லி வைத்தேன். அவர் வந்த அன்று பார்த்து மெட்ராஸ் கப்பலுக்குச் சரக்கு. கம்பெனியை விட்டு நகர முடியவில்லை. தோல் கட்டுகளுக்கு நடுவே கூண்டில் அடைத்த கரடி மாதிரி சுற்றிச் சுற்றி வந்தேன்.

சாயங்காலம் ஓடிப்போய் இழுத்துப் பார்த்தேன். வெண்ணெய். விரல் நினைத்தாலே போதும், குதிரை ஓடியது. மறுநாள் வழியில் ஜான் பாஷாவைப் பார்த்துப் பாராட்டினேன்.

"அம்மா பக்கத்துலயே குந்திக்கினு சொல்லச் சொல்ல செஞ்சது சாப்" என்றார் அவர்.

என் கோப்பையில் அவளுக்கு இத்தனை அக்கறையா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த ஞாயிறு ஆற்று மணலில் சுட்ட தோட்டாவெல்லாம் நடுவட்டத்தில் விழுந்தது. கல்லைக் கட்டித் தூக்கிப் பார்க்கிற நிதானம் எனக்கு ஏது?

போட்டிக்குச் செண்பகமும் வந்தாள். துரையின் மனைவி துரைசானி அழைத்திருப்பதாகச் சொன்னாள். புதன்கிழமை தோறும் துரைசானி பங்களாவுக்குப் போய் இவள் கம்பளி பின்னக் கற்றுக்கொண்டிருந்தாள். ஏன் இன்னும் ஒரு காலுறை கூட வரவில்லை என்று நான் கேட்டதில்லை.

வேலூர் மலையடிவாரத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். என் முறை வந்தது. நடுவர் குதிரையில் கல்லை மாட்டித் துப்பாக்கியைத் தூக்கினார். தூக்கினார் என்று கூடச் சொல்ல முடியாது. கல் தரையை விட்டுக் கிளம்புவதற்குள் குதிரை 'டிக்' என்றது. மறுபடி செய்யச் சொன்னேன். மறுபடி 'டிக்'. நடுவர் மரியாதையாக என் பெயரை அடித்தார். வரிசையில் இருந்தவர்கள் மரியாதை இல்லாமல் சிரித்தார்கள்.

நான் பந்தல் ஓரத்தில் போய் நின்று, ஜான் பாஷாவைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டிருந்தேன். செண்பகம் வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகியிருந்தாள்.

"அதைக் குடுங்க. பொம்பளைங்க போட்டிக்குக் கூப்பிடறாங்க."

"உனக்குச் சுடத் தெரியுமா?"

"துரைசானி சொல்லிக் குடுத்தாங்க. புதன்கிழமைல."

எனக்கு மெல்ல விளங்கியது. "அப்ப ஜான் பாஷா கிட்ட..."

"என் விரலுக்குத் தோதா ராவச் சொன்னேன். பாவம், அவரைப் போட்டுப் பேஜார் பண்ணாதீங்க."

இப்படிச் செய்யலாமா, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்று கேட்டாள். யோசித்தேன். துப்பாக்கியைக் கொடுத்தேன்.

பாயில் குப்புறப் படுத்து, மூச்சைப் பிடித்து, அரிசியில் கல் பொறுக்குகிற முகத்தோடு அவள் சுட்டாள். அட்டையைக் கொண்டுவந்து காட்டினார்கள். அத்தனை ஓட்டைகளையும் ஒரு வெற்றிலையால் மூடிவிடலாம். அப்போதுதான் பரிசு மேஜையை நான் சரியாகப் பார்த்தேன். ஆண்களுக்கு உள்ளங்கை அகலத்தில் ஒரு கோப்பை. பெண்களுக்குப் புத்தம் புதிய தையல் மெஷின்.

அவள் ஜெயித்த அந்த மெஷினை வேலூரிலிருந்து ஆம்பூர் வரை பஸ்ஸில் என் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அலமாரி காலியாக இருந்தது நல்லதாகப் போயிற்று என்று சொல்லி, அதில் வைக்கச் சொன்னாள்.

இரண்டு நாள் நான் தட்டை எடுத்துப்போய்த் திண்ணையில் தனியாகச் சாப்பிட்டேன். மூன்றாம் நாள் மெஷின் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். என் துப்பாக்கிக்குக் காக்கித் துணியில் உறை தைத்துக்கொண்டிருந்தாள். முதல் தையலே எனக்காக என்று மனசு இளகிவிட்டது. வாங்கித் தடவிப் பார்த்தேன். நல்ல நெருக்கமான தையல். மூலையில் சிவப்பு நூலில் ஒரு எழுத்து கூடப் போட்டிருந்தாள்.

'செ'.