எவர்சில்வர் ஸ்டாண்டுக்கு ஒரு கால்

அவர் வாழ்க்கையில் எடுத்த பெரிய முடிவுகள் இரண்டு. ஒன்று கல்யாணம், அதுகூட மாமனார் எடுத்தது. இன்னொன்று, ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய சின்ன வெல்டிங் மெஷின். அது முழுக்க அவருடையது.

"இது எதுக்குங்க நமக்கு?" என்றாள் மனைவி.

"உன் எவர்சில்வர் பாத்திர ஸ்டாண்ட் கால் உடைஞ்சிருக்கே. ஒட்டித் தர்றேன்."

"ஒட்டுங்க. அந்த இடம் துரு கிரு பிடிச்சுதுன்னா, மெஷின் வீட்டை விட்டுப் போயிடணும்."

"எவர்சில்வர் எங்கயாவது துரு பிடிக்குமா?"

ஒட்டினார். மூன்று ஓட்டை விழுந்தது. அவற்றை அடைத்ததில் ஒட்டின இடம் எறும்புப் புற்றுபோல வீங்கியது. ஆனாலும் கால் நின்றது. மறுநாள் ஹார்டுவேர் கடையில் பெருமையடிக்கப் போனார்.

"உருக்கி ஒட்ட எந்த வயர் போட்டீங்க?" என்றார் கடைக்காரர்.

"மெஷினோட வந்ததுதான்."

"அது சாதா இரும்பு வயர் சார். ஒட்டும், ஆனா தண்ணி பட்டா துரு பிடிக்கும். எவர்சில்வருக்குன்னு தனி வயர் இருக்கு. வந்ததும் வீட்டுக்கே அனுப்பறேன்."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பக்கமே அவர் அப்புறம் தலைகாட்டவில்லை.

வயர் வரவில்லை. துரு வந்தது.

உப்புத்தாளால் தேய்த்தார். இரண்டு நாளில் மறுபடி வந்தது. வேறு வழியில்லாமல் பாத்திரங்களைத் தானே கழுவி, ஒவ்வொன்றையும் ஈரம் போகத் துடைத்து ஸ்டாண்டில் அடுக்க ஆரம்பித்தார்.

"என்னங்க திடீர்னு?"

"உனக்கு இடுப்பு வலின்னியே."

அவள் நாற்காலியில் சாய்ந்துகொண்டாள். அந்த நிம்மதியைப் பார்க்கத்தான் அவருக்குத் தாங்கவில்லை. பாவம், அக்கறை என்று நம்புகிறாள். இத்தனை வருஷத்தில் அவளுக்காக என்று ஒரு டம்ளராவது கழுவியிருக்கிறோமா? துருவை மறைக்கத்தானே இப்போதும் கழுவுகிறோம்?

மூன்றாவது மாதம் மனசு கேட்கவில்லை. ஈரக்கையோடு வந்து நின்றார்.

"உன்கிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன். ஸ்டாண்ட் துரு பிடிக்குது. மெஷினைக் குடுத்துடறேன். ஆனா பாத்திரம் இனிமே உனக்காகவே கழுவறேன்."

அவள் எழுந்துபோய், பீரோவில் புடவைகளுக்கு அடியிலிருந்து பிரிக்காத வயர் சுருள் ஒன்றை எடுத்து வந்தாள்.

"நீங்க கழுவ ஆரம்பிச்ச மூணாம் நாளே கடைக்காரர் அனுப்பிட்டாருங்க."

"ஏன் குடுக்கலை?"

"நல்லாக் கழுவினீங்க. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்."

"அப்போ மெஷின்?"

"இருக்கட்டும். எங்கம்மா வீட்டு ஸ்டாண்டும் கால் உடைஞ்சு கிடக்கு. அதை எங்கப்பா ஒட்டட்டும். அந்தப் பழைய வயரே போதும்."