அத்தையை நான் அழித்த கதை

என் மேல் எனக்கே கோபம் வருகிற நாட்கள் நிறைய உண்டு. ஆனால் ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் மீனவக் குப்பத்தில் பதினோரு பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு கத்திய அந்தக் காலையை நினைத்தால் மட்டும், என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கலாமா என்று இன்றைக்கும் தோன்றும்.

அப்போது நான் பொன்னேரிக் கல்லூரியில் கணினி படித்துக்கொண்டிருந்தேன். அதை என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, ஏரி முழுக்கச் சொல்லி வைத்திருந்தார் (கொக்குகளுக்கும் தெரிந்திருக்கும்). மீனவர் சங்கத் தலைவர் எங்கள் வீட்டுக்கே வந்தார்.

"பாப்பா, குடும்பம், படகு, வலைனு எல்லாம் நோட்டுல கலந்து கெடக்குது. கம்ப்யூட்டர்ல ஏத்திக் குடு. மீன் விக்கிற பொம்பளைங்களுக்கு ஐஸ் பெட்டி வருது, லிஸ்ட் வேணும்."

பாடத்தில் ஒரு படம் உண்டு. ஊழியருக்கு ஒரு கட்டம். அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இரட்டைக் கோடு போட்ட கட்டம். தனியாக நிற்க முடியாதவர்கள், அவரைச் சார்ந்தே இருப்பவர்கள் என்று அர்த்தம். அதற்குப் பெயரே 'வீக் என்டிட்டி', பலவீனமான உருப்படி. யார் வீக்? கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு விடியும் முன்னே பொன்னேரி பஸ்ஸில் இடம்பிடிக்கிறவளா? இந்தக் கேள்வி அன்று எனக்கு வரவில்லை. அப்படியே காப்பியடித்தேன். ஆண்களுக்கு ஓர் அட்டவணை, ஆளுக்கொரு எண். பெண்களுக்கு இன்னொன்று, அதில் சொந்த எண் கிடையாது, புருஷன் எண்தான். உறுப்பினரை நீக்கினால் அவரைச் சார்ந்தவர்களும் தானாக நீங்கிவிட வேண்டும் என்று ஒரு விதி வேறு. (அதை எழுதிவிட்டு டீ குடித்தேன். வெட்கங்கெட்டவள்.)

"செத்தவங்க பேர எடுத்துடு பாப்பா" என்றார் தலைவர். ஒரே வரிக் கட்டளையில் பதினோரு ஆண்களை எடுத்தேன். பட்டியலை அச்செடுத்து, திருப்பிக்கூடப் பார்க்காமல் கொடுத்தேன்.

பெட்டி கொடுக்கிற நாள். நைனாவின் அக்கா ருக்மணி அத்தையின் பெயர் வரவேயில்லை.

"நல்லா பாருய்யா."

"கம்ப்யூட்டர்லயே இல்லக்கா" என்று தலைவர் கைவிரித்தார். பிறகு, தனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல, என் பக்கம் கைகாட்டினார்.

அத்தை நேராக என்னிடம் வந்தாள். "இன்னாடி இது? உங்க மாமா செத்து ஏழு வருஷம் ஆவுது. நான் எப்படி செத்தேன்?"

அப்போதாவது வாயை மூடியிருக்கலாம். "அத்தே, டிசைன்படி நீங்க மாமாவ சார்ந்தவங்க. அவரு போனதால..."

"சார்ந்தவளா? அவரு செத்த மாசமே கூடைய தூக்கினவடி நான்! ரெண்டு புள்ளைங்கள யாரு கரையேத்துனது, உன் டிசைனா?"

அத்தைக்குப் பின்னால் இன்னும் பத்து விதவைகள். அத்தனை பேரையும் நான் கணவனோடு சேர்த்து அனுப்பியிருந்தேன். நைனா யார் வீட்டுப் பெண்ணோ என்பதுபோல என்னைப் பார்த்தார். பதினோரு பேரும் அடுக்கி வைத்த பெட்டிகள் மேல் ஏறி உட்கார்ந்தார்கள்.

"எங்க பேரு வராம ஒரு பெட்டி நகராது."

அங்கேயே தரையில் உட்கார்ந்து, மடிக்கணினியையும் சங்கத்து நோட்டையும் விரித்து, போட்ட அட்டவணை எல்லாவற்றையும் கலைத்தேன். ஆணோ பெண்ணோ, எல்லோருக்கும் ஒரே அட்டவணை, ஆளுக்கொரு சொந்த எண். யாருக்கு யாரோடு கல்யாணம் என்பதற்குத் தனி அட்டவணை. ஒருவர் இறந்தால் கல்யாணம்தான் முடியும். மற்றவர் அப்படியே இருப்பார். படகுக்கும் தனி அட்டவணை, பங்காளிகள் எத்தனை பேர் இருந்தாலும் எழுதலாம்.

"இத மொதல்லயே செய்யறதுக்கு இன்னா?" என்றாள் அத்தை. பாடப் புத்தகத்தின் மேல் ஆத்திரம் பொங்கியது. ஆனால் புத்தகமா பட்டனை அழுத்தியது?

"எனக்கு ஒண்ணாம் நம்பர் போடு" என்று உத்தரவிட்ட பிறகுதான் பெட்டியை விட்டு இறங்கினாள். தலைவருக்குக் கிடைத்தது முப்பத்தேழாம் நம்பர்.

இன்று சென்னையில் இதே வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. வீட்டில் மட்டும் மரியாதை திரும்பவில்லை. நைனா தும்மினால் போதும், அம்மா அடுப்படியிலிருந்து கத்துவாள்:

"பாத்து தும்முய்யா! நீ போனா உம்பொண்ணு என்னியும் சேத்து அழிச்சிடுவா!"