சான்றிதழ் பெற்ற திரை

பூவுலகில் தவறே செய்யாதவை இரண்டு. ஒன்று கடவுள். மற்றொன்று, 2004-இல் பெரிய காஞ்சிபுரத்தில் விமல்ராஜின் பட்டுக்கடை மாடியில் இருந்த கணினித் திரை. இவற்றுள் சான்றிதழ் உள்ளது திரைக்கு மட்டுமே.

சென்னையிலிருந்து வந்த 'நிபுணர்' ஒரு கருவியைத் திரையில் ஒட்டவைத்து நிறங்களை அளந்து, 'துல்லியம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். விமல்ராஜ் அந்தத் தாளுக்குச் சட்டம் போட்டு, மாலையும் போட்டார். வெயில் உள்ளே வந்து துல்லியத்தைக் கெடுத்துவிடாதபடி சன்னல்களில் கறுப்புத் துணி கட்டினார்.

நெசவாளி பழனி இருபத்திரண்டு நாள் நெய்த அரக்குச் சேலையைக் கடையின் விளம்பரப் புத்தகத்துக்காகப் படம் பிடித்து அச்சிட்டார்கள். அச்சு, திரையில் தெரிந்ததைவிட மங்கலாக வந்தது. விமல்ராஜ் பதறவில்லை. அச்சின் வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போகச் சொன்னார். ஐந்தாவது அச்சில் ஜரிகை சுண்ணாம்பாகி, அரக்கு ரோஸாகி, திரையோடு ஒத்துப்போனது.

"திரையும் படமும் ஒண்ணா இருக்குது. சேல மட்டும் தனியா நிக்குது. அப்போ தப்பு யாருதுப்பா?" என்று பழனியைக் கேட்டார்.

ஏட்டில் 'நிறக் குறை' என்று எழுதினார். அப்படி எழுதினால் அடுத்த சேலைக்குக் கடையிலிருந்து பாவு நூல் கிடையாது. பழனியின் தறி சும்மா கிடக்கும். இருபத்திரண்டு நாள் அவர் முதுகு பட்ட பாட்டைப் பற்றிச் சான்றிதழில் ஒரு வரிகூட இல்லை.

"வாசல்ல வச்சிப் பாருங்க சார்," என்றார் பழனி. ஊரில் சேலை எடுக்கிற எல்லோரும் செய்கிற காரியம்தான்.

"வெயிலுக்குச் சான்றிதழ் இருக்குதா?"

இத்தனை தலைமுறை வெயிலை நம்பி ஏமாந்ததை நினைத்து விமல்ராஜுக்குக் கண் கலங்கியது.

மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்திருந்த இந்திராணி யாரையும் கேட்கவில்லை. சேலையையும், குப்பைக் கூடையில் கிடந்த முதல் அச்சையும் வாசலுக்குக் கொண்டுபோனார். இரண்டுக்கும் துளி வித்தியாசமில்லை.

"எனக்கு இதான்பா வேணும். கல்யாணம் மண்டபத்துல நடக்குது, உங்க இருட்டு ரூம்புல இல்ல."

விமல்ராஜ் பெருந்தன்மையோடு சேலையைக் கட்டிக் கொடுத்தார். ஏட்டை மட்டும் திருத்தவில்லை.

பழனி மாடிக்குப் போய்த் திரையின் அடியில் தடவினார். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான் கையில் பட்டது. வெளிச்சம் முழுசாக ஏறியிருந்தது. அமுக்கிக் குறைத்தார். திரையிலும் அதே அரக்கு வந்து நின்றது.

"இப்போ மூணும் ஒண்ணா இருக்குது சார். ஏட்டுல அடிச்சிடுங்க."

பின்னாலேயே வந்த விமல்ராஜ் நன்றாகப் பார்த்தார். பிறகு பொத்தானை அமுக்கி, வெளிச்சத்தைப் பழையபடி முழுசாக ஏற்றினார்.

"இத கொறச்சா தப்பு என்னுதுன்னு ஆயிடும்பா," என்றார். "அதுக்கா நான் சான்றிதழ் வாங்கினேன்?"