மாந்தோப்பில் நான் அடைத்த மடை

சும்மா உட்காருவது எல்லோருக்கும் வரும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு வராது. பெருநகர் என்கிற கிராமத்தில் நெல் போடுகிறவன் நான். விருந்துக்குப் போன வீட்டில் இலை போடுவதற்குள் பின்பக்கம் போய் அவர்கள் மோட்டார் சரியாக ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு வருகிற ஆள்.

இதில் அதிகம் அவஸ்தைப்பட்டவள் என் மனைவி செல்வி. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சேர்ந்து ஒரு பாட்டைக்கூட முழுதாகக் கேட்டதில்லை. பல்லவி முடிவதற்குள் எனக்கு ஏதாவது ஞாபகம் வந்து கழனிக்குக் கிளம்பிவிடுவேன். (மீதிப் பாட்டைத் தனியாகக் கேட்டு முடித்துவிட்டு அவள் வைக்கிற குழம்பில் அன்றைக்கு உப்பு இருக்காது.)

அப்போதுதான் அவள் தம்பி குமார் இரண்டு பாஸ் கொண்டுவந்தான். மைக்செட் வாடகைக்கு விடுகிறவன் அவன். திருமுக்கூடல் பக்கத்தில் ஒரு மாந்தோப்பில் சென்னைப் பிள்ளைகள் இசை விழா நடத்துகிறார்களாம். டென்ட்டில் தங்கிக்கொண்டு நாள் முழுக்கப் பாட்டு கேட்கலாமாம். செல்வி பாஸைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“மாமா, அன்னிக்கி ஒரு நாளு நெலத்த மறந்துட்டு என்னாண்ட குந்திக்கினு ஒரு பாட்டு முழுசா கேளு. வேற ஒண்ணும் வாணாம் எனக்கு.”

பட்டுப்புடவை கேட்டிருந்தால்கூடச் சுலபமாகச் சமாளித்திருப்பேன். சரி என்று தலையாட்டினேன்.

மகளை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனோம். டென்ட்டுக்குள் நுழைந்ததும் மழை பிடித்துக்கொண்டது. அந்தப் பிள்ளைகள் யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. டென்ட் வாசலில் காலை நீட்டிக்கொண்டு சீட்டு ஆடினார்கள், தூங்கினார்கள். மழை விட்டதும் மேடையில் பாட்டு என்று குமார் வந்து சொல்லிவிட்டுப் போனான். செல்வி மிக்சர் பொட்டலத்தைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளை அவ்வளவு நிம்மதியாக நான் பார்த்ததே இல்லை.

நானும் நல்ல பிள்ளையாகத்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் கண் இருக்கிறதே, அது சும்மா இருக்கவில்லை. தோப்பின் ஓரத்து வரப்பில் ஒரு மடை. தோப்பில் விழுந்த மழைத் தண்ணீரெல்லாம் அது வழியாக வெளியே ஓடிக்கொண்டிருந்தது. ஐயோ, எவ்வளவு தண்ணீர்! ராத்திரி தூக்கம் கெட்டுக் கொட்டகையில் படுத்து மோட்டார் ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும் அந்த வலி.

டீ வாங்கி வருகிறேன் என்று எழுந்தேன். போகிற வழியில் மண்ணை அள்ளி, காய்ந்த தென்னை மட்டையைக் குறுக்கே வைத்து, காலால் மிதித்து மடையை அடைத்தேன். ஒரு சொட்டு கசியவில்லை. கையைக் கழுவிக்கொண்டு டீயோடு திரும்பினேன். தானாகப் போய் டீ வாங்கி வந்திருக்கிறேனே என்று செல்விக்கு ஒரே பெருமை. (அது என் நிலமில்லை, அங்கே பயிருமில்லை என்பதெல்லாம் அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.)

டீ ஆறுவதற்குள் பக்கத்து டென்ட்டிலிருந்து ஒரு செருப்பு மிதந்து வந்தது. பின்னாலேயே சீட்டுக்கட்டு வந்தது. ‘என்னா மழை, என்னா மழை’ என்று நானும் ஊரோடு சேர்ந்து அங்கலாய்த்தேன். தண்ணீர் ஒயர் பக்கம் வந்ததும் குமார் மைக்செட்டை நிறுத்திவிட்டான். மழை விட்டும் பாட்டில்லை. முழங்கால் தண்ணீரில் அவன் மடையைத் தேடிப் பார்த்துவிட்டு நேராக எங்கள் டென்ட்டுக்கு வந்தான்.

“மாமா, மடைய யாரு அடச்சது?”

“தண்ணி வீணாப் போய்க்கினு கீதேன்னு...” என்றேன்.

செல்வி மிக்சர் பொட்டலத்தை மடித்து வைத்தாள். எனக்கு உயிரே போய்விட்டது.

ஓடிப்போய் அடைப்பைப் பிடுங்கினால் வரவில்லை, அவ்வளவு சுத்தமான வேலை! தோப்பே கரையில் நின்று பார்க்க, தண்ணீருக்குள் உட்கார்ந்து இரண்டு கையாலும் தோண்டினேன். கடைசியில் மட்டை பிடுங்கிக்கொண்டு வந்தது, நானும் மல்லாக்க விழுந்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்றைய விழாவில் முதல் கைதட்டல் எனக்குத்தான்.

தலை முதல் கால் வரை சேறோடு திரும்பினால், செல்வி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். பாடுகிறவர்கள் மைக் இல்லாமலே மாமரத்தடி மேட்டில் உட்கார்ந்து ஆரம்பித்துவிட்டார்கள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண் தானாக மடைப் பக்கம் போனது. சேற்றுக் கன்னம் என்றும் பார்க்காமல் பிடித்துத் திருப்பினாள்.

“அது தானா வடியும் மாமா. இங்க பாரு.”

பார்த்தேன். பாட்டு முடிகிற வரை பார்த்தேன். எனக்கும் அது வேண்டியிருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

குமார் இந்தக் கதையைச் சொந்தக்காரர்கள் ஒருவர் விடாமல் சொல்லிவிட்டான். இன்றைக்கும் வானம் கறுத்தால், கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தாலும் செல்வி மகளிடம் சொல்வது இதைத்தான்.

“துணி கெடக்கட்டும்டி. மொதல்ல உங்கப்பன வூட்டுக்குள்ள இட்டுக்கினு வா.”