மணப்பெண் காரின் கரும்புகை

எஞ்சினைப் பற்றி ஒன்றும் தெரியாதவனால் காருக்கு ஆபத்தில்லை. முழுதும் தெரிந்தவனாலும் இல்லை. கொஞ்சம் தெரிந்தவன்தான் எமன். நான் கொஞ்சம் தெரிந்தவன்.

யுத்தம் முடிந்து, வாகனங்களுக்குப் புகைச் சோதனை வந்திருந்த காலம். அதில் பாஸானால்தான் வருட லைசன்ஸ். என் மனைவி வசந்தியின் தங்கைக்குக் களுவாஞ்சிக்குடியில் கல்யாணம். கல்யாணப் பொம்பிளை ஏறுவது என் பழைய காரில்தான் என்று சொந்தக்காரருக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். (யாரும் கேட்கவில்லை. நானே சொன்னேன்.)

சோதனை நிலையத்துத் தம்பி காரின் புகைக்குழாய்க்குள் கம்பியை விட்டு, "அமத்துங்க அண்ணன்" என்றார். அக்சிலரேட்டரை மிதித்தேன். புகையில் கல்லடிப் பாலம் வரைக்கும் கறுத்தது. கம்ப்யூட்டர் பெயில் என்றது.

"அண்ணன், இது காரா, நெல்லு மில்லா?"

வீட்டுக்கு வந்து வைத்தியம் தொடங்கினேன். பிளக் மாற்றினேன். காபரேட்டரைக் கழற்றிக் கழுவிப் பூட்டினேன். இரண்டு ஆணி மிஞ்சியது. (அவை காருக்குத் தேவையில்லை என்று முடிவுசெய்தேன்.) பக்கத்து வீட்டுப் பறங்கியர் எட்வின் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"மச்சான், கறுப்புப் புகையெண்டா எஞ்சினுக்குக் காத்துப் போதாது. எயார் பில்டரைப் பாரு."

"அத மட்டும் பார்க்கத் தேவல்ல. அது நான் செய்தது."

சுனாமியில் கார் கடல்தண்ணி குடித்து நின்றபோது, காகித பில்டர் கரைந்துபோனது. அந்த நாட்களில் புதுசுக்கு எங்கே போவது? சேற்றில் கிடந்த துணிக் குவியலில் கைக்கு வந்ததைக் கிழித்து, மடித்து, பில்டர் பெட்டிக்குள் இறுக்கி அடைத்தேன். கடல் திரும்பி வந்தாலும் ஒரு சொட்டு எஞ்சினுக்குள் போகாது! காற்றும் போகாது என்பதுதான் என் மண்டைக்குள் போகவில்லை.

கல்யாணத்துக்கு முதல்நாள் திரும்பவும் சோதனை நிலையம் போனபோது வசந்தியும் கூடவே வந்தாள். மறுபடியும் பெயில்.

"எயார் பில்டர் எப்ப மாத்தினீங்க அண்ணன்?"

"மாத்தவே தேவையில்லாத பில்டர் தம்பி. வந்து பாருங்க."

எல்லோரும் பார்க்கப் பெட்டியைத் திறந்து துணியை உருவினேன். மேலே கரி. மடிப்பு விரிந்தது. உள்ளே சிவப்புப் பட்டு. ஓரத்தில் சரிகை மாங்காய்.

வசந்தி குனிந்து பார்த்தாள்.

"இது என்ட கூறைச்சேலைதானே?"

தாலி கட்டிய அன்று உடுத்த அந்தச் சேலையைக் கடல் கொண்டுபோனதென்று அவள் வருஷக்கணக்காய் அழுதிருக்கிறாள். என் தோளில். (நானும் கூடச் சேர்ந்து கடலைத் திட்டியிருக்கிறேன்.)

"சேத்துக்குள்ள எல்லாச் சேலையும் ஒரு நிறந்தான் புள்ள..."

"இவ்வளவு காலமும் கடலுக்கு மண் அள்ளித் தூத்தினனே! பாவம், அது என்ன செய்தது?"

தம்பி கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

புது பில்டர் பூட்டியதும் கார் பாஸ். மறுநாள் பொம்பிளை நேரத்துக்கு மண்டபம் போய்ச் சேர்ந்தாள்.

மண்டபத்தில் கூறையும் தாலியும் வைத்த தட்டைச் சபைக்குக் கொண்டுவந்தார்கள். எல்லோரும் தொட்டு ஆசீர்வதிப்பது வழக்கம். என் முன்னால் வந்ததும் வசந்தி எழும்பினாள்.

"அவருக்குக் காட்டினாப் போதும். தொடவிடாதீங்க!"

இன்றைக்கும் எங்கள் குடும்பத்துக் கல்யாணங்களில் கூறைத் தட்டு என்னிடம் வரும்போது மட்டும் கொஞ்சம் தள்ளியே நிற்கும். நானும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டுதான் ஆசீர்வதிக்கிறேன்.