பல் டாக்டரின் நாற்காலிகள்

அன்பும் பொறுமையும் நிறைந்த அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நாங்கள் மூவரும் உடம்பளவில் நலம். அத்தானின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறையாவிட்டாலும், இந்தக் கடிதம் கண்டதும் நீ உன் மருமகளான என் அருமை மகளுக்குப் போன் போட்டு, மாணவர் தலைவி பதவியை விட்டுவிடச் சொல்ல வேண்டும். நான் சொன்னால் கேட்பதில்லை. அத்தை சொன்னால் கேட்பாள். நானே போனில் உன்னிடம் சொல்லியிருப்பேன். வீடு சின்னது, அவளுக்குப் பாம்புக் காது.

அவள் தேர்தலில் ஜெயித்த அன்று தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தவன் நான்தான், மறுக்கவில்லை. ஜெயித்தவள் பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துவிட்டு வீட்டுக்கு வரலாமில்லையா? சமூக சேவையாம். வீடுவீடாக வேண்டாத மேசை நாற்காலிகளை வாங்கி, ஆணி அடித்து, முதியோர் இல்லத்துக்குக் கொடுப்பதாம். "வண்டிக்கு என்னம்மா பண்ணுவே?" என்று தலைமையாசிரியை கேட்டிருக்கிறார். "எங்க அப்பாகிட்ட இருக்கு மிஸ்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். என் வேனுக்குச் சனிக்கிழமைதான் நாலு வாடகை கிடைக்கும் என்பது உனக்கே தெரியும். ஒரு படைப் பிள்ளைகள் வாசலில் வந்து நின்ற பிறகுதான் எனக்கே விஷயம் தெரிந்தது.

போனேன். மகள் ஒரு தெருவில், அவளுடைய துணைத் தலைவன் என்னோடு இன்னொரு தெருவில். பல் டாக்டரின் கிளினிக் வாசலில் நல்ல நாற்காலிகள் வரிசையாகக் கிடந்தன. "வெளிய போட்டிருக்காங்க அங்கிள், வேண்டாததுதான்" என்றான் அந்தப் பயல். நானும் கைகொடுத்து ஏற்றி, அன்று சாயங்காலமே முதியோர் இல்லத்தில் இறக்கிவிட்டேன். உள்ளே சுவருக்குப் பெயிண்ட் அடிப்பதால் வெளியே வைத்திருக்கிறார் என்று நான் கண்டேனா? திங்கட்கிழமை அத்தனை நோயாளிகளும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே காத்திருந்தார்களாம்.

டாக்டர் நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். என்னையும் கூப்பிட்டுவிட்டார்கள். "யாரு இதுக்குப் பொறுப்பு?" என்று கத்தினார். துணைத் தலைவன் மின்விசிறியைப் பார்த்தான். நான் என் செருப்பைப் பார்த்தேன். அந்தத் தெருப் பக்கமே வராத உன் மருமகள் எழுந்து, "நான்தான் சார். கேக்காம எடுத்தது தப்பு. இப்பவே திருப்பித் தர்றோம்" என்கிறாள்.

டாக்டரையும் அவளையும் ஏற்றிக்கொண்டு முதியோர் இல்லத்துக்குப் போனேன். அங்கே எல்லா நாற்காலியிலும் ஆள். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், "உக்காந்தவங்கள எந்திரிக்கச் சொல்ற பழக்கம் என் சர்வீஸ்லயே கிடையாது சார்" என்றார். அவருக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டாக்டர் அவரை உற்றுப் பார்த்தார். "கன்னம் எத்தனை நாளா வீங்கியிருக்கு? வாயத் தொறங்கம்மா." உன் மருமகள் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தாள். அவ்வளவுதான், ஒருவர் பின் ஒருவராக வாயைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்கள். வந்த வேலை டாக்டருக்கு மறந்தே போனது. புறப்படும்போது, "இவங்கள்ல பாதிப் பேர கிளினிக்குக்கே கூட்டிட்டு வரணும். வாராவாரம் யாரு கூட்டிட்டு வருவா?" என்றார். "எங்க அப்பாகிட்ட வண்டி இருக்கு சார்!"

நேற்றுச் சாப்பிடும்போது எனக்குப் பொறுக்கவில்லை. "ஊருக்கெல்லாம் நல்லது பண்றியே, வீட்டுல அடுப்பு எரிய வேண்டாமா?" என்று கேட்டுவிட்டேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். ஆகையால் நீதான் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். எந்தப் பதவியும் உங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது உன் மருமகள் பள்ளியிலிருந்து வந்தாள். "தலைவி பதவி வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன்பா. நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றாள். முகத்தில் கோபமே இல்லை; அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பத்து வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடி, தலைமையாசிரியையிடம் கெஞ்சி, அந்தத் தாளைக் கையோடு வாங்கி வந்துவிட்டேன். மேலே எழுதியது எதையும் அவளிடம் சொல்லிவிடாதே. இனி சனிக்கிழமை வாடகை கிடையாது என்று எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.